கம்பெனிப் பெயர் இல்லாதவர்களுக்கு டேட்டாஷீட் கிடையாதா?

வாசகர் கேள்வி, 2.8.2025

அண்ணா, ஒரு சந்தேகம். வீட்டில் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் டெக்னிக்கல் விவரமெல்லாம் தர வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர்கள் பொருளை விற்கிறார்கள். பாடம் எடுப்பது அவர்கள் வேலை இல்லை. இன்றைக்கு எது வேண்டுமானாலும் யூட்யூபில் இருக்கிறது. ஏ.ஐ.யிடம் கேட்டால் கோடே எழுதிக் கொடுத்துவிடும். அப்புறம் ஏன் எப்போது பார்த்தாலும் மானுவல், மானுவல் என்கிறீர்கள்? (வியாசர்பாடியிலிருந்து)

3.8.2025, ஞாயிறு

கட்டாயம் எதுவும் இல்லை தம்பி. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யூட்யூபில் வீடியோ போட்டவருக்கு அந்த விவரம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் டேட்டாஷீட்டை, அதாவது சிப்பைச் செய்த கம்பெனி தரும் முழு விவரக் காகிதத்தை, படித்திருக்கிறார். படித்ததை வைத்து லைப்ரரி (மற்றவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் கோடு) எழுதியிருக்கிறார். அந்த லைப்ரரியைப் பயன்படுத்தி இன்னொருவர் வீடியோ போட்டார். ஏ.ஐ. படித்ததும் இவர்கள் எழுதியதைத்தான். அந்த முதல் காகிதத்தைக் கம்பெனி வெளியிடாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது.

நான் யார் என்று கேட்டவர்களுக்கு: ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். மணலிப் பக்கம் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். இப்போது கொடுங்கையூரில் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைக்ரோகன்ட்ரோலர் (சின்னக் கருவிகளை இயக்கும் ஒற்றைச் சிப் கம்ப்யூட்டர்) சொல்லித் தருகிறேன். அக்கா அண்ணன்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் பலரிடமும் இருக்கிறது. பேட்டரி போயிருக்கும். சார்ஜரைச் சொருகியே வைத்திருந்தால் வேலைக்கு ஆகிறது.

உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். விவரமே தராத கம்பெனி உலகத்தில் கிடையாது. லட்சக்கணக்கில் வாங்கும் வாடிக்கையாளருக்கு எல்லா விவரமும் தந்தால்தான் ஒரு சிப் விற்கும். லெட்டர்ஹெட் இல்லாத, ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத, ஒரே ஒரு சிப் வாங்கும் ஆளுக்கும் அதே காகிதம் கிடைக்குமா? நான் பார்ப்பது இதை ஒன்றைத்தான்.

4.8.2025, திங்கள்

"அப்படியென்றால் அந்தக் காலத்தில் எல்லாமே திறந்து கிடந்ததா?" என்று கொருக்குப்பேட்டை நண்பர் கேட்கிறார். கிடையாது. அன்றைக்கும் இரண்டு வகையும் இருந்தன.

ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 1978 ஜனவரியில் வந்த சிவப்பு அட்டை மானுவலில் முழு சர்க்யூட் டயாகிராம் இருந்தது. ரோமில் இருந்த, மெஷினின் அடிப்படை வேலைகளைப் பார்க்கும் மானிட்டர் ப்ரோக்ராமின் வரிகளும் அச்சாகியிருந்தன. (ரோம் என்றால் படிக்க மட்டும் முடிகிற மெமரி. எழுதவும் முடிகிற ராமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1982-இல் வந்த கமோடோர் 64-க்கான ப்ரோக்ராமர் மானுவலில் கடைசிப் பக்கம் மடித்து வைத்த சர்க்யூட் டயாகிராம்.

எதிர்ப்பக்கம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அவர்களுடைய டிஐ-99/4ஏ வீட்டுக் கம்ப்யூட்டரில் 16 பிட் பிராசசர். அந்த நாளில் அது பெரிய விஷயம். ஆனால் கூடவே வந்த பேசிக் மொழியில் மெமரியை நேரடியாகப் படிக்கும் பீக், எழுதும் போக் கட்டளைகள் எதுவும் கிடையாது. மெஷின் கோடு எழுத வேண்டுமென்றால் தனியாகக் கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும். சாஃப்ட்வேர் விற்கும் லாபம் வெளியாளுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. 1983 அக்டோபரில் அந்தத் தொழிலை விட்டே விலகினார்கள். கமோடோரோடு நடந்த விலைப்போர்தான் முதல் காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுத ஆள் இல்லாத மெஷினை விலையைக் குறைத்து மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

இதே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாஜிக் சிப் டேட்டா புத்தகத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் படித்தார்கள். அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் அந்த மஞ்சள் பிடித்த புத்தகங்களை நானே வாங்கியிருக்கிறேன். ஒரே கம்பெனிக்குள் ஒரு வாசல் திறந்தும் ஒரு வாசல் பூட்டியும் இருந்தது. அதனால் "இது நல்ல கம்பெனி, அது கெட்ட கம்பெனி" என்று பட்டியல் போடச் சொல்லாதீர்கள். பொருளுக்குப் பொருள் மாறும்.

அடாரி கம்பெனியையும் ஒருவர் கேட்டிருந்தார். 1979-இல் வந்த 400, 800 மாடல்களுக்கு முதலில் உள்விவரம் வெளியே வரவில்லை. பிறகு மனசு மாறி ஹார்ட்வேர் மானுவலையும் வெளியிட்டார்கள். அதன்பின் வந்த விளையாட்டுகளைப் பாருங்கள், தெரியும்.

6.8.2025, புதன்

கமோடோரைப் பற்றி எழுதியதும் பலர் "ராயபுரத்தில் அதெல்லாம் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டுவிட்டீர்கள். துறைமுகம் பக்கத்தில் இருந்தால் எதுதான் வராது? எதிர்வீட்டு அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். 1987 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து பழைய கமோடோர் 64 ஒன்றைக் கொண்டுவந்தார், மானுவலோடு. அவருக்கு விளையாட்டு போதும். மானுவல் என் கைக்கு வந்தது.

டிவி கறுப்பு வெள்ளை. மெமரியில் 53280 என்ற முகவரியில் 0 முதல் 15 வரை ஏதாவது ஓர் எண்ணை எழுதினால் திரையின் விளிம்பு நிறம் மாறும் என்று மானுவல் சொன்னது. எழுதினோம். மாறத்தான் செய்தது, ஆனால் சாம்பலில் இருந்து சாம்பலுக்கு. பாதி நிறங்களுக்கு வித்தியாசமே தெரியாது. சரி, டிவியை நம்ப வேண்டாம், கம்ப்யூட்டரையே கேட்போம் என்று 14-ஐ எழுதிவிட்டு அதே முகவரியைத் திரும்பப் படித்தேன். 254 என்றது. 2-ஐ எழுதினால் 242. எதை எழுதினாலும் 240 கூடுதலாக வருகிறது.

மெஷின் கெட்டுவிட்டது என்றார் அண்ணன். மானுவலின் பின்பகுதியில் வீடியோ சிப்பின் டேட்டாஷீட்டை அப்படியே சேர்த்திருந்தார்கள். ரெஜிஸ்டர் (சிப்பை இயக்கும் எண்கள் இருக்கும் உள் இடம்) அட்டவணையில் அந்த வரியைத் தேடிப் பிடித்தேன். எட்டுக் கட்டங்களில் கீழ் நான்கு பிட்டுக்குப் பெயர் இருந்தது. மேல் நான்கிலும் வெறும் கோடு. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: கோடு போட்ட பிட்டுகள் எதனோடும் இணைக்கப்படவில்லை, படித்தால் 1 என்று வரும். மேல் நான்கு பிட்டுகளின் மதிப்பு 128, 64, 32, 16. கூட்டிப் பார்த்தால் 240.

அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாமல் போயிருக்காது. ஒரு பொருளும் விற்காமல் போயிருக்காது. ஆனால் அந்த வரியை எழுதிய என்ஜினியர், யாரோ ஒருவர் எங்கேயோ இதைத் திரும்பப் படித்துப் பார்ப்பார், குழம்புவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். என்னை மனதில் வைத்து எழுதிய வரியாகவே அதை அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். பிறகு ஆலையில் எந்தக் கருவியின் மானுவலைத் திறந்தாலும் அட்டவணைக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். பல ராத்திரி ஷிஃப்டுகளைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்.

9.8.2025, சனி, இரவு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் காரமாகவே எழுதியிருக்கிறார்: "விவரம் கொடுத்துத்தான் ஐ.பி.எம். கெட்டது. மெஷினைத் தொடக்கி வைக்கும் பயாஸ் கோடை அச்சடித்து விற்றார்கள். காம்பாக் கம்பெனி அதைப் பார்த்து எழுதிச் சந்தையைப் பிடித்துவிட்டது."

முதல் பாதி சரி. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அதன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மானுவலை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். சர்க்யூட் முழுதும் இருந்தது, பயாஸின் அசெம்ப்ளி வரிகள் விளக்கக் குறிப்போடு இருந்தன.

இரண்டாம் பாதி தவறு. அச்சடித்துக் கொடுத்தாலும் பதிப்புரிமை ஐ.பி.எம்.மிடமே இருந்தது. அந்த வரிகளைப் பார்த்தவர் அதே போல எழுதினால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வார். அதனால் காம்பாக் ஒரு குழுவைப் படிக்க விட்டது. ஒவ்வொரு பகுதியும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவர்கள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த வரிகளைப் பார்த்தே இராத இன்னொரு குழு புதிதாக எழுதியது. 1982 நவம்பரில் மெஷினை அறிவித்தார்கள். நகல் மெஷின்கள் பெருகியதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு: உள்ளே இருந்த சிப்கள் எல்லாம் கடையில் கிடைப்பவை, டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட் மற்றவர்களுக்கும் விற்க முடிந்தது.

மூடி வைத்ததும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1987-இல் பிஎஸ்/2 மாடல்களில் மைக்ரோ சேனல் என்ற புதுப் பஸ்ஸைக் (கார்டுகளை மெஷினோடு இணைக்கும் பாதை) கொண்டுவந்து, உரிமக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அடுத்த ஆண்டே காம்பாக்கோடு சேர்ந்து ஒன்பது கம்பெனிகள் வேறு பஸ் ஒன்றை அறிவித்துவிட்டன. சந்தை ஐ.பி.எம். பின்னால் போகவில்லை.

ஐ.பி.எம். பி.சி. மானுவலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தக் கார்டுக்கு என்ற பட்டியல். பிரிண்டருக்கு இது, டிஸ்க்குக்கு இது என்று வரிசையாகப் போகும்போது, பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் 300 முதல் 31எஃப் வரை "சோதனைக் கார்டு" என்று போட்டு விட்டு வைத்திருக்கிறார்கள். முகவரி இடம் எவ்வளவு நெருக்கடி என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சொந்தமாகக் கார்டு செய்து பார்க்கிறவனுக்கு என்று அவ்வளவு பெரிய கம்பெனி இடம் ஒதுக்கியது. எங்கள் பாலிடெக்னிக் காலத்தில் ரிலே போர்டு செய்த எல்லோரும் முகவரியை 300-இல்தான் வைத்தோம். ஏன் 300 என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

10.8.2025, ஞாயிறு

டிஐ-99/4ஏ-வைப் பார்க்காமலேதான் எழுதினீர்களா என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: ஆமாம், அதை நான் நேரில் பார்த்ததில்லை. வடசென்னையில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. புணேயில் டெசிபெல்ஸ் கம்பெனி செய்த ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன். பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் 1984-இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தில் வந்தது, எங்கள் பள்ளிக்கு வரவில்லை.

15.8.2025, வெள்ளி

இன்று விடுமுறை. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. வியாசர்பாடித் தம்பிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

என் வகுப்புக்கு வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவர்கள் தெருவில் மழை வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று கேமரா வைத்துப் பதிவு செய்ய ஆசைப்பட்டாள். தெருமுனைக் கம்பத்தில் கோடுகள் வரைந்துவிட்டு அதைப் படம் எடுத்தால் போதும் என்பது அவள் யோசனை. ரிச்சி தெருவில் சின்னக் கேமரா மாட்யூல் ஒன்று வாங்கி வந்தோம். பகலில் படம் நன்றாக விழுந்தது. ராத்திரியில் ஒரே இருட்டு. மழைத் தண்ணீர் ராத்திரியில்தானே ஏறும்?

வெளிச்சம் வாங்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதற்குக் கேமரா சென்சாரில் எந்த ரெஜிஸ்டர் என்று தெரிய வேண்டும். செய்த கம்பெனியின் தளத்துக்குப் போனால், இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் எல்லோருக்கும். முழு டேட்டாஷீட் வேண்டுமென்றால் படிவம். முதல் கட்டத்திலேயே "நிறுவனத்தின் பெயர்", பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அவள் பள்ளியின் பெயரைப் போட்டாள். மின்னஞ்சல் கட்டத்தில் ஜிமெயிலை ஏற்கவில்லை, நிறுவன முகவரிதான் வேண்டும் என்றது. மகனுடைய அலுவலக முகவரியை ஒரு முறைக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது சரியல்ல என்று விட்டுவிட்டேன். கடைசியில் "ஆண்டுக்கு எத்தனை சிப் வாங்குவீர்கள்?" அவள் யோசிக்காமல் 1 என்று அடித்தாள்.

பதில் வரவில்லை. அவர்கள் விநியோகஸ்தருக்கு எழுதினோம். ரகசிய ஒப்பந்தத்தில் கம்பெனி சீலோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அப்புறம் லினக்ஸில் அந்த சென்சாரை இயக்கும் ப்ரோக்ராம் (டிரைவர்) ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதில் அந்த சென்சாருக்கு அனுப்ப வேண்டிய எண்கள் பெரிய பட்டியலாக இருந்தன. எது என்ன என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அவள் ஒவ்வொன்றாக மாற்றி, படம் எடுத்து, நோட்டில் குறித்து, வெளிச்சம் கூடும் இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டாள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

16.8.2025, சனி

நேற்று எழுதியதற்கு வந்த பதில்: "அவளே கண்டுபிடித்துவிட்டாளே, அப்புறம் என்ன நஷ்டம்? இப்படிக் கஷ்டப்பட்டால்தான் படிப்பு வரும்."

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படம் வெளிச்சமாக விழுந்தது. ஆனால் தெருவிளக்கின் கீழ் படம் முழுக்கக் குறுக்குப் பட்டைகள் ஓடின. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். வெளிச்சம் வாங்கும் நேரம் 10 மில்லிவிநாடியின் மடங்காக இருந்தால் பட்டை வராது. அந்த டிரைவரில் இருந்த எண்கள் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குப் பொருந்துவது போல இருந்தன. இதைச் சரிசெய்ய டேட்டாஷீட்டில் ஒரே ஒரு வரி போதும். அந்த வரி அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் கற்றுக்கொண்டது அந்தச் சிப்பைப் பற்றி இல்லை. அந்தச் சிப்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்பதை. இரண்டும் வேறு.

கஷ்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 240 எங்கிருந்து வந்தது என்று தேடியதும் கஷ்டம்தான். பதில் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்து தேடுவது ஒரு கஷ்டம். பதிலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் தேடுவது வேறு கஷ்டம். இரண்டாவது பிள்ளைகளைச் சோர்வடைய வைக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன்.

சாயங்காலம் சேர்த்தது: இன்று வகுப்பில் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எடுத்தோம். அதன் ஆர்பி2040 சிப் 2021 ஜனவரியில் வந்தது. 600 பக்கத்துக்கு மேல் டேட்டாஷீட், படிவம் இல்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளை நேரே ரெஜிஸ்டர் அட்டவணைக்கு அழைத்துப் போனேன். பின்களை நேராக இயக்கும் எஸ்.ஐ.ஓ. பகுதியின் தொடக்கத்திலிருந்து 28 பைட் தள்ளி ஒரு முகவரி. பின்னை அவுட்புட்டாக வைத்துவிட்டு அந்த முகவரியில் 25-ஆவது பிட்டுக்கு 1 எழுதினால் போர்டில் உள்ள எல்.இ.டி. நிலை மாறும். எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானில் ஒரே வரி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை எழுதிவிட்டு, "சார், லைப்ரரி எதுவும் கூப்பிடலையே, நான்தானே எரிய வெச்சேன்?" என்றான். நீதான்டா என்றேன். அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அட்டவணையில் முகவரி, பிட், பெயர் என்று கட்டம் கட்டமாக இருப்பதால் தடுமாறவில்லை.

20.8.2025, புதன்

எண்ணூரிலிருந்து: "நீங்கள் சொன்னபடி எழுதினேன், எல்.இ.டி. எரியவில்லை. என்னிடம் இருப்பது பைக்கோ டபிள்யூ."

அதில் எரியாது. சாதா பைக்கோவில் எல்.இ.டி. நேராக ஆர்பி2040 சிப்பின் ஜி.பி.ஐ.ஓ. (ப்ரோக்ராமால் இயக்கும் பின்) 25-இல் இருக்கிறது. 2022-இல் வந்த பைக்கோ டபிள்யூவில் அதை வைஃபை சிப்பின் பின்னில் மாட்டிவிட்டார்கள். ஆர்பி2040-இன் ஒவ்வொரு பிட்டுக்கும் விளக்கம் உண்டு. அந்த வைஃபை சிப்போ வேறு கம்பெனியுடையது. அதற்குள் ஓடும் ப்ரோக்ராம் (ஃபர்ம்வேர்) மனிதர் படிக்க முடியாத பைனரியாகத்தான் வருகிறது, அதை ஏற்றினால்தான் எல்.இ.டி.யே எரியும். இன்றைய நிலைமையை அறிய அந்த ஒரு எல்.இ.டி. போதும். திறந்த சிப் ஒரு பக்கம், மூடிய சிப் ஒரு பக்கம், இரண்டும் ஒரே போர்டில்.

ரேடியோ என்று வந்துவிட்டால் பல கம்பெனிகள் மூடிக்கொள்கின்றன. அலைவரிசைச் சட்டங்களைக் காரணம் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வெளிச்சம் அளக்கும் கேமராவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

24.8.2025, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க யோசித்ததில் இன்னொன்று தோன்றியது. விவரம் தருவதில் இரண்டாவது படி ஒன்று இருக்கிறது. தன் சிப்பில் உள்ள குறையைத் தானே எழுதி வெளியிடுவது.

இன்டெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் பென்டியம் வந்தபோது அதன் மானுவலில் சில புது வசதிகளைப் பற்றிய இணைப்பு எச் மட்டும் வெளியே வரவில்லை. ரகசிய ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான். வெளியில் இருந்தவர்கள் தாங்களாகவே நோண்டி அதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 1994-இல் வகுத்தல் கணக்கில் பிழை என்று அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி சொன்னபோது கம்பெனிக்கு முன்பே தெரிந்திருந்தது. சிப்பை மாற்றிக் கொடுக்க 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் பிராசசர்களின் பிழைப் பட்டியலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட ஆரம்பித்தார்கள்.

அதே இன்டெல் பிறகு பிராசசர் மானுவல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அச்சுப் புத்தகமாகவே இலவசமாக அனுப்பியது. ராயபுரம் முகவரிக்கு எனக்கும் வந்தது. தபால்காரர் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து "என்ன சார், வக்கீலுக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தப் புத்தகங்கள் இன்றும் வகுப்பு அறை அலமாரியில் இருக்கின்றன.

ராஸ்பெர்ரி பையின் அடுத்த சிப் ஆர்பி2350, 2024 ஆகஸ்டில் வந்தது. வந்த சில நாட்களிலேயே வெளியாள் ஒருவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் புல்-டவுன் ரெசிஸ்டரை (பின்னின் வோல்ட்டேஜைப் பூஜ்யத்துக்கு இழுத்து வைப்பது) மட்டும் நம்பி இன்புட் வைத்தால், பின் ஒருமுறை மேலே போனபின் முழுதாகக் கீழே இறங்காமல் சுமார் 2 வோல்ட்டில் நின்றுவிடும். கம்பெனி அதை டேட்டாஷீட்டின் பிழைப் பட்டியலில் இ9 என்று எண் போட்டுச் சேர்த்தது. வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைந்த ரெசிஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று வழியும் எழுதியது. 2025 ஜூலையில் திருத்திய சிப்பும் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை நான் பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய என்ஜினியர்கள் செய்த பொருளிலும் தப்பு வரும், அதை எண் போட்டு எழுதி வைப்பார்கள் என்று பதின்மூன்று வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை, தன் ப்ரோக்ராம் ஓடாதபோது அழாது.

31.8.2025, ஞாயிறு

"ஆப்பிளைப் புகழ்ந்தீர்களே, இன்றைய ஆப்பிளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பெரம்பூர் நண்பர் விடாமல் கேட்கிறார்.

1978-இல் சர்க்யூட்டையே அச்சடித்துக் கொடுத்த கம்பெனி, 2020 நவம்பரில் எம்1 சிப்போடு மேக் வெளியிட்டபோது அந்த ஹார்ட்வேருக்கு வெளியாருக்கென்று ஒரு மானுவலும் தரவில்லை. வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக்கொள்ள மட்டும் கதவைத் திறந்து வைத்தது. அந்த மேக்கில் லினக்ஸை ஓட வைக்க முயன்ற அசாஹி லினக்ஸ் குழுவினர் உள்ளே என்ன இருக்கிறது என்று தாங்களே நோண்டிப் பார்த்து, கண்டதையெல்லாம் ஆவணமாக எழுதி வைத்தார்கள். 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13-இல் எம்1-க்கான முதல் ஆதரவு சேர்ந்தது. அவர்கள் உழைப்பை நான் கும்பிடுகிறேன். ஆனால் கம்பெனியில் ஒருவரிடம் தயாராக இருக்கும் பக்கத்தை, வெளியே பல பேர் பல மாதம் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டியிருந்ததே என்ற வருத்தம் போகவில்லை.

திரும்பிய கதைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியான ஏ.டி.ஐ.யை வாங்கிய பின் ஏ.எம்.டி. 2007-இல் ரேடியான் கிராஃபிக்ஸ் சிப்களின் ரெஜிஸ்டர் விவரத்தை வெளியிட ஆரம்பித்தது. முதல் ராஸ்பெர்ரி பையின் கிராஃபிக்ஸ் பகுதி 2012-இல் மூடித்தான் இருந்தது. 2014 பிப்ரவரியில் அந்தச் சிப்பைச் செய்த பிராட்காம் அதன் மானுவலை வெளியிட்டது. அதே ஆண்டில் இஎஸ்பி8266 என்ற மலிவு வைஃபை சிப் வந்தபோது கிடைத்த ஆவணம் சீனத்தில். ஆர்வலர்கள் அதை மொழிபெயர்த்துப் பரப்பிவிட்டார்கள். கம்பெனியும் முரண்டு பிடிக்காமல் சில மாதத்தில் எஸ்.டி.கே.யை (ப்ரோக்ராம் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) வெளியிட்டது. இன்று ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் அந்தக் கம்பெனியின் போர்டு இருக்கிறது.

யாரும் ஒருமுறை மூடினால் மூடினதுதான் என்று இல்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சிப் வாங்குகிறவனும் கேட்க வேண்டும்.

3.9.2025, புதன்

சக்தி பிராசசரை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டீர்கள். நியாயம். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் செய்த பிராசசர். ரிஸ்க்-5 என்ற, யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்ட கட்டளைத் தொகுப்பு வகை. டேட்டாஷீட் என்ன, பிராசசரின் வடிவமைப்பையே திறந்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். இந்தப் பேச்சில் இதைவிடத் திறந்தது எதுவும் இல்லை.

என் வகுப்புக்கு அது இன்னும் வரவில்லை. எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சர்க்யூட்டையே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அந்த போர்டின் விலை பிள்ளைகளுக்கு எட்டாது. மூலத்தைத் திறந்து வைப்பது ஒரு கொடை. எட்டாம் வகுப்புப் பையன் முதல் நாளே ஒரு பிட்டை மாற்றி எல்.இ.டி.யை எரிய வைக்க, கைக்கு அடக்கமான விலையில் ஒரு போர்டும் பத்துப் பக்கத்தில் ஒரு மானுவலும் வேண்டும். அது வந்தால் முதல் ஆளாக வாங்கி வந்து எழுதுகிறேன்.

7.9.2025, ஞாயிறு

வியாசர்பாடித் தம்பி நேற்று வகுப்புக்கே வந்துவிட்டார். மகிழ்ச்சி. அவர் கேட்டதும் இங்கே இன்னும் சிலர் கேட்டதும் ஒன்றுதான்: 600 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஆர்பி2040 டேட்டாஷீட்டில் இரண்டாம் அத்தியாயத்தில் எஸ்.ஐ.ஓ. ரெஜிஸ்டர் அட்டவணையும் ஜி.பி.ஐ.ஓ. பகுதியும், நான்காம் அத்தியாயத்தில் யு.ஏ.ஆர்.டி.யும் (வேறு கருவியோடு பேசும் பகுதி) ஏ.டி.சி.யும் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதி), கடைசியில் பிழைப் பட்டியல். இவ்வளவு மட்டும் இரண்டு பக்கமும் அச்செடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும் பி.ஐ.ஓ. (பின்களைத் தானே இயக்கும் குட்டி ப்ரோக்ராம்களுக்கான பகுதி) அருமையான விஷயம், ஆனால் முதல் மாதத்துக்கு வேண்டாம். மீதியைப் போனில் வைத்துக்கொண்டு வார்த்தை போட்டுத் தேடினால் போதும். அட்டவணை வரும் பக்கங்களைச் சின்னதாக்கி ஒரு தாளில் இரண்டு பக்கமாக எடுக்கச் சொல்லாதீர்கள், அடிக்குறிப்பு படிக்க வராது.

கேமராப் பெண்ணைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: அந்த மாட்யூலை விட்டுவிட்டாள். மானுவலை வெளிப்படையாகத் தரும் வேறு சென்சார் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். விலை கொஞ்சம் கூடுதல். பட்டைகள் நின்றுவிட்டன. வடகிழக்குப் பருவமழைக்குள் கம்பத்துக்கு எதிர்வீட்டு மாடியில் மாட்ட வேண்டும், அந்த வீட்டம்மா சரி என்று சொல்லிவிட்டார்கள்.